சங்கத்துக்கு ஆப் வேண்டுமா?

கேள்வி: எங்கள் மாவட்ட அச்சக உரிமையாளர் சங்கத்தில் 300 பேருக்கு மேல் உறுப்பினர்கள். வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, ஆனால் குட் மார்னிங் படமும் பிறந்தநாள் வாழ்த்தும்தான் ஓடுகின்றன. இளவட்டங்கள் சந்தா கட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். சங்கத்துக்கென்று தனி ஆப் செய்து தருவதாக ஒருவர் வந்திருக்கிறார். செய்யலாமா?

செய்யாதீர்கள். ஆப் ஒருமுறை காசு கொடுத்து முடிகிற செலவு இல்லை. ஆண்ட்ராய்டு மாற மாற அதையும் யாராவது திருத்திக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு வருடாவருடம் கேட்பார்கள், அப்புறம் மெஷின் ஓடும்போது கையில் இருக்கும் மையைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறந்து பாஸ்வேர்டு போட யாருக்கும் பொறுமை இருக்காது. வாடிக்கையாளர் அச்சடிக்க வேண்டிய மேட்டரை அனுப்புவதே வாட்ஸ்அப்பில்தான். அங்கேயே இருங்கள்.

உங்கள் சிக்கல் வேறு. குரூப்பில் யாராவது தொழில் சம்பந்தமாகக் கேட்டால் பதில் வருகிறதா? போன மாதப் பேச்சைக் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். யாரோ ஒரு பையன், "யூனிகோடில் வந்த மேட்டரைப் பேஜ்மேக்கரில் ஒட்டினால் எல்லாம் கேள்விக்குறியாக வருகிறது, என்ன செய்ய?" என்று கேட்டிருப்பான். அதற்குக் கீழே ஒரு மறைவுச் செய்தி, தொடர்ந்து வரிசையாக ஆழ்ந்த இரங்கல்கள். கேள்வி போயே போச்சு. பதில் தெரிந்தவர்களும் அதே குரூப்பில்தான் இருக்கிறார்கள்: பேஜ்மேக்கர் பக்கம் அமைக்கும் பழைய மென்பொருள், அதன் கடைசிப் பெரிய பதிப்பு வந்தது 2001ல், இன்று போனிலும் கம்ப்யூட்டரிலும் பொதுவாக இருக்கும் யூனிகோடு எழுத்துமுறை அதற்குப் புரியாது, மேட்டரைக் கன்வெர்ட்டரில் போட்டு பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவுக்கு மாற்றிவிட்டு ஒட்ட வேண்டும். இரண்டு வரிதான். அது கிடைத்திருந்தால் அவனுக்கு அரை நாள் மிச்சம், சந்தா எதற்கு என்று கேட்டிருக்கவும் மாட்டான்.

முதலில் இடத்தைப் பிரியுங்கள். 2022 கடைசியில் வாட்ஸ்அப்பில் 'கம்யூனிட்டி' வசதி வந்தது. அதில் அறிவிப்புப் பகுதியில் அட்மின் மட்டும்தான் எழுத முடியும். சங்கத்தின் சுற்றறிக்கை அங்கே போகட்டும். அதன்கீழ் மூன்றே குரூப் போதும்: தொழில் சந்தேகம், வாங்க-விற்க, பொது. குட் மார்னிங்கைத் தடை செய்துவிடாதீர்கள், பொதுவில் விட்டுவிடுங்கள். தினமும் பூப்படம் போடுகிறவர்தான் பொதுக்குழுவுக்கு முதல் ஆளாக வந்து உட்காருவார், அவரைப் பகைத்துக்கொண்டு சங்கம் நடத்த முடியாது.

இடம் பிரித்தால் மட்டும் பேச்சு வந்துவிடாது. முதல் மூன்று மாதம் உங்கள் வேலை போன் போடுவது. ஆஃப்செட் ரிப்பேர் தெரிந்தவர், ஜிஎஸ்டி தெரிந்தவர், பேப்பர் மார்க்கெட் தெரிந்தவர், டிசைன் பையன் ஒருவன் என்று ஐந்தாறு பேரைப் பிடித்து, "கேள்வி வந்தால் அன்று இரவுக்குள் ஒரு வரியாவது போடுங்கள் அண்ணே" என்று நேரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம்வரை பதில் வராத கேள்வி இருந்தால் நீங்களே தெரிந்தவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். இது அலுப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்ய ஆளில்லை என்றால் மற்ற எதையும் தொடங்க வேண்டாம்.

இன்னொரு சங்கடம் உங்கள் மாதிரி சங்கங்களுக்கே உரியது. எல்லோரும் போட்டியாளர்கள். அடுத்த தெரு பிரஸ்காரர் பார்க்க, "எனக்கு இது தெரியவில்லை" என்று எழுத யாருக்கு மனம் வரும்? அதனால் கூச்சப்படுகிறவர்கள் உங்களுக்குத் தனியாக அனுப்பட்டும், 'ஓர் உறுப்பினர் கேட்கிறார்' என்று நீங்கள் போடுங்கள். அதைவிட வாங்க-விற்க குரூப்பை முதலில் சூடாக்குங்கள். ராத்திரி ஏழு மணிக்கு, "நாளைக் காலை டெலிவரி, 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு நூறு ஷீட் குறைகிறது, யாரிடம் இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டு, பத்து நிமிடத்தில் இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார் என்றால், மறுவாரம் அவர்கள் இருவரும் லேமினேஷன் வேலையைப் பகிர்ந்துகொள்வார்கள். சந்தேகம் கேட்பதெல்லாம் அதற்குப் பிறகு தானாக வரும்.

திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரு கூகுள் டாக் வைத்துக்கொள்ளுங்கள், சந்தா கட்டியவர்களுக்கு மட்டும். தேர்தல் வந்தால் நோட்டீஸ் அடிப்பது பற்றிக் கேட்டே தீருவார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127ஏ: அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் நோட்டீஸில் இருக்க வேண்டும், வெளியிடுபவர் கையெழுத்திட்டு, அவரைத் தெரிந்த இரண்டு பேர் சாட்சி போட்ட உறுதிமொழியை இரண்டு பிரதி வாங்காமல் அடிக்கக் கூடாது, மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ரூ.2,000 வரை அபராதம், இல்லை இரண்டுமே. 2025 செப்டம்பர் 22 முதல் பேப்பர் வகைகள் பலவற்றுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 ஆனபோது ஒரே கேள்வி எத்தனை பேரிடமிருந்து வந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். எழுதி வைத்தால் இணைப்பை அனுப்பினால் போதும்.

பாதிப்பேர் வாயே திறக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். ஆன்லைன் குழுக்களில் நூற்றுக்கு 90 பேர் வெறுமனே படிப்பவர்கள், 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் அடிக்கடி எழுதுவார் என்று இணையதளப் பயன்பாட்டு நிபுணர் யாக்கோப் நீல்சன் 2006லேயே ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். பேசாமல் படிப்பவரும் பயன் இருந்தால் சந்தா கட்டுவார்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாக நிறுத்துங்கள்: "எல்லோரும் இனி விசிட்டிங் கார்டுக்கு இந்த ரேட்டுக்குக் கீழ் போகக் கூடாது" என்கிற மாதிரி பேச்சு. நல்லெண்ணத்தில்தான் தொடங்கும். ஆனால் சங்கம் கூடி விலை நிர்ணயிப்பது போட்டிச் சட்டம் 2002ன் பிரிவு 3ல் மாட்டும், வாட்ஸ்அப்பில் எழுதியது எழுத்துபூர்வமான சாட்சி. 2012ல் சிமெண்ட் கம்பெனிகளுக்கு அபராதம் போட்ட போட்டி ஆணையம், அவர்களின் சங்கத்துக்கும் சேர்த்தே போட்டது. அந்த வழக்கு மேல்முறையீட்டில் பல வருடம் இழுத்தது.

கடைசியாக, இந்தக் குரூப்புகளை உங்கள் சொந்த நம்பரிலிருந்து தொடங்காதீர்கள். சங்கத்தின் பெயரில் ஒரு சிம் வாங்கி அதிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் குரூப்பை உருவாக்கியவரை மற்ற அட்மின்கள் நீக்க முடியாது. நிர்வாகிகள் மாறும்போது பழைய செயலாளர் முறுக்கிக்கொண்டால் குரூப் அவரோடே போய்விடும். ஒரு வாட்ஸ்அப் கணக்கைக் கூடுதலாக நான்கு கருவிகளில் இணைக்கலாம், ஆகவே அந்த ஒரு சிம்மைத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் பார்த்துக்கொள்ளலாம். சிம் யார் பொறுப்பில் இருக்கும் என்பதை அடுத்த செயற்குழுவிலேயே தீர்மானமாக எழுதி மினிட்ஸில் ஏற்றிவிடுங்கள்.