மரவள்ளியும் தைரொயிட்டும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

நிலாவெளியிலிருந்து ஒரு தங்கச்சி: அக்கா, எனக்குத் தைரொயிட் குறைவு, குளிசை எடுக்கிறேன். மரவள்ளியைத் தொடவே கூடாதாம். உண்மையா?

அப்படி இல்லை. மரவள்ளியில் லினமரின் என்றொரு பொருள் உண்டு. கிழங்கை வெட்டும்போது அதிலுள்ள நொதியமே லினமரினை உடைத்துச் சயனைட்டை வெளிவிடும். சாப்பாட்டோடு உள்ளே போகிற மிச்சத்தை உடம்பு தயோசயனேற்றாக மாற்றும். அது தைரொயிட் சுரப்பிக்குள் அயடீன் போவதைத் தடுக்கும். ஆனால் அயடீன் ஏற்கெனவே குறைந்தவர்களுக்குத்தான் இது கழலை (தைரொயிட் வீங்கிக் கழுத்து பெருப்பது) வரைக்கும் போகும். கொங்கோவின் உட்பகுதிகளில் நடந்தது அதுதான்: தினமும் மரவள்ளி, அயடீனோ மிகக் குறைவு. இலங்கையில் நமக்குக் கடல்மீன் இருக்கிறது, 1995 முதல் அயடீன் உப்பும் கட்டாயம். நன்றாக அவித்த கிழங்கை இடைக்கிடை சாப்பிடலாம். குளிசையை மட்டும் வெறும் வயிற்றில் போட்டு, அரை மணியாவது கழித்துச் சாப்பிடுங்கள்.

மூதூர்: மூடி போடாமல் அவிக்கச் சொல்கிறார்களே, ஏன்?

கிழங்கிலிருந்து வெளிவரும் நஞ்சான ஐதரசன் சயனைட்டு 26 பாகையிலேயே ஆவியாகிவிடும். மூடினால் அது வெளியே போக வழியில்லை. ஆனால் மூடியை விடப் பெரிய விஷயம் துண்டின் அளவு. பெரிய துண்டைக் கொதிதண்ணீரில் போட்டால் நொதியம் உடனே செத்துவிடும், லினமரின் உடையாமல் கிழங்குக்குள்ளேயே கிடக்கும். அதனால் உள்தோலையும் சேர்த்து உரித்து, சின்னதாக வெட்டி, நிறையப் பச்சைத்தண்ணீர் விட்டு அடுப்பில் வையுங்கள். வெந்ததும் தண்ணீரை வடித்து ஊற்றிவிடுங்கள். கறி வைப்பதென்றாலும் முதலில் இப்படி அவித்து வடித்த பிறகுதான் தேங்காய்ப்பால்.

தம்பலகாமம்: கிழங்கு சாப்பிட்டு இஞ்சித் தேத்தண்ணி குடித்தால் நஞ்சாகுமா?

அம்மம்மா காலத்துப் பயம்! நஞ்சு கிழங்கிலேயே இருக்கிறது. இஞ்சியை விலக்கிவிட்டு அரைவேக்காட்டுக் கிழங்கைத் தின்றால் என்ன பிரயோசனம்?

உப்புவெளி: சிப்ஸ்?

எண்ணெயில் பொரித்தால் நஞ்சு அவ்வளவாகப் போகாது. கொறிக்கலாம், பிள்ளைகளுக்கு அதையே இரவுச் சாப்பாடாகக் கொடுக்க வேண்டாம்.

மூதூரிலிருந்து இன்னொருவர்: இலைச்சுண்டல் நல்லதா?

இலையில் கிழங்கை விட நஞ்சு அதிகம். அரிந்து தாளித்தால் போதாது. உரலில் நன்றாக இடித்து, அவித்து, பிழிந்த பிறகு தேங்காய்ப்பூ போடுங்கள். அப்புறம் ஒன்று: நீண்ட கோடையில் மழை காணாத தோட்டத்துக் கிழங்கில் நஞ்சு கூடும். வாயில் வைத்ததும் கசந்தால் துப்பிவிடுங்கள்.