மேகசினைக் கழற்றிவிட்டால் பிஸ்டல் காலியா?

பெரம்பூரிலிருந்து ஒரு அம்மா கேட்கிறார்: "என் மகனுக்கு 23 வயது. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் மாநிலப் போட்டி வரை போயிருக்கிறான். அடுத்து பாயின்ட் டூ டூ (.22 அங்குலக் குண்டு) பிஸ்டலுக்கு லைசென்ஸ் எடுக்கப் போகிறான். ராத்திரி ஹாலில் நின்று குண்டு போடாமல் சுட்டுப் பழகுகிறான். வீட்டில் 6 வயதுப் பேரன் இருக்கிறான். பயமாக இருக்கிறது என்றால், 'இது ஸ்போர்ட்ஸ் கன்தானே' என்கிறான். பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழை அலையாமல் வாங்கித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள் அம்மா. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன், முதலில் உங்கள் பயத்துக்கு வருவோம்.

ஸ்போர்ட்ஸ் கன் என்பதால்தான் கூடுதலாகப் பயப்பட வேண்டும். போட்டி ஏர் பிஸ்டலின் டிரிகரை இழுக்கக் குறைந்தது 500 கிராம் விசை தேவைப்பட வேண்டும் என்பது விதி, வீரர்கள் அதை ஒட்டித்தான் வைத்துக்கொள்வார்கள். அரை கிலோ தக்காளிப் பையை ஒரு விரலில் மாட்டினால் எவ்வளவு கனமோ அவ்வளவுதான். பாயின்ட் டூ டூ ஸ்போர்ட் பிஸ்டலுக்கு ஒரு கிலோ. போலீஸ்காரர் இடுப்பில் இருக்கும் ரிவால்வரின் டிரிகரை இழுக்க இதைப்போலப் பல மடங்கு வேண்டும்.

வெறும் பிஸ்டலில் பழகுவதை டிரை ஃபயர் என்போம். அது தப்பில்லை, எல்லா கோச்சும் செய்யச் சொல்வதுதான். ஆனால் ரேஞ்சில் இத்தனை வருடம் நின்றதில் நான் கேட்ட சமாதானங்களில் முக்கால்வாசி ஒரே வாக்கியம்: "காலின்னு நினைச்சேன் சார்." பாயின்ட் டூ டூ பிஸ்டலில் மேகசினை, அதாவது குண்டுகள் அடுக்கிய கூட்டை, கழற்றிவிட்டால் காலி என்று நினைத்துவிடுகிறார்கள், ஏற்கெனவே சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனைக்குள், ஏறிய ஒரு குண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கும். முதலில் மேகசினை எடுத்து, பிறகு போல்ட்டை (சேம்பரை மூடித் திறக்கும் பாகம்) பின்னுக்கு இழுத்து, கண்ணால் பார்த்து, குழலுக்குள் ஆரஞ்சு சேஃப்டி ஃபிளாக்கைச் செருக வேண்டும். இந்த வரிசையைத் திருப்பிச் செய்தால், அதாவது முதலில் போல்ட்டை இழுத்துவிட்டு மேகசினை எடுத்தால், மேகசினில் இருந்த அடுத்த குண்டு உள்ளே போயிருக்கும்.

டிரை ஃபயர் நடக்கும் அறையில் பெல்லட் (ஏர் பிஸ்டல் குண்டு) டப்பா இருக்கவே கூடாது. பிஸ்டல் முனை வெளிப்பக்கச் செங்கல் சுவரைப் பார்க்கட்டும், படுக்கையறைக் கதவை அல்ல. நடுவில் போன் வந்தால் முதலிலிருந்து சோதனை. பயிற்சி முடிந்தபின் "கடைசியாக ஒண்ணு" என்று எடுக்கிறார்களே, விபத்து காத்திருப்பது அங்கேதான்.

ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டாமே என்பான் உங்கள் பையன். சரிதான், 2016 ஆயுத விதிகளின்படி குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்குள்ளும் குழல் முனையில் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். இரண்டும் சேர்ந்து பொருந்த வேண்டும், ஒன்று மட்டும் போதாது; 5.5 மில்லிமீட்டர் ஏர் கன் எவ்வளவு மெதுவாகச் சுட்டாலும் விலக்கு கிடையாது, இதை விற்கிற ஆள் சொல்வதில்லை. விலக்கு என்பது லைசென்ஸிலிருந்துதான். பேரன் கண்ணில் பெல்லட் பட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 125-ஆம் பிரிவு இருக்கிறது, அதற்கு எந்த விலக்கும் இல்லை, கண்ணும் திரும்ப வராது.

பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம் என்பார்கள். பீரோ சாவி சாமி படத்துக்குப் பின்னால் இருப்பது உங்கள் பேரனுக்குத் தெரியாதா? நம்பர் பூட்டு போட்ட இரும்புப் பெட்டி, சுவரோடு போல்ட் அடித்தது. குண்டு வேறு அறையில், வேறு பூட்டில்.

இன்னொன்று, கை நழுவி விழும் துப்பாக்கியைப் பிடிக்கப் போகக் கூடாது. 2008 நவம்பரில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்சிகோ பர்ரெஸ், இடுப்பில் செருகிய பிஸ்டல் கால்சட்டைக்குள் நழுவியபோது பிடிக்கப் போய்த் தன் தொடையிலேயே சுட்டுக்கொண்டார். அதே வருடம் பிப்ரவரியில்தான் சூப்பர் போல் இறுதிப் போட்டியில் அணியை ஜெயிக்க வைத்த பந்தைப் பிடித்த கை அது! அந்த ஊர் லைசென்ஸும் இல்லாததால் 2 வருடச் சிறைத் தண்டனை. 2024 அக்டோபரில் மும்பையில் நடிகர் கோவிந்தாவுக்குக் காலில் குண்டு பாய்ந்தது, லைசென்ஸ் உள்ள ரிவால்வரை வீட்டில் எடுத்து வைக்கும்போது.

இப்போது அந்தச் சான்றிதழ் ஆசாமி. மேலே நான் எழுதியதை ஒரு ஆள் எதிரில் நின்று செய்து காட்டி, உங்கள் மகன் கையால் செய்ய வைப்பதற்குத்தான் அந்தப் பயிற்சியே. அதை விலைக்கு வாங்கியவன் ஒருவன் என் ரேஞ்சில் குண்டு ஏற்றிய பிஸ்டலோடு என் பக்கம் திரும்பி "சார், இது ஏன் சுடலை?" என்று கேட்டான். இந்த ஆட்களே வெளி மாநில லைசென்ஸும் பிடித்துத் தருவார்கள். ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை லட்சக்கணக்கில் வழங்கிய லைசென்ஸ்களை சிபிஐ தோண்டியது நினைவிருக்கிறதா? யூஐஎன், அதாவது ஒவ்வொரு லைசென்ஸுக்கும் தரும் தனி அடையாள எண், இல்லாத லைசென்ஸ் வெறும் காகிதம்.

சென்னையில் லைசென்ஸ் தருபவர் போலீஸ் கமிஷனர். ஃபைல் உங்கள் ஸ்டேஷனுக்குப் போய், அங்கே தூங்கி, எழுந்து வர மாதங்கள் ஆகும், கேட்டால் "வெரிஃபிகேஷன்ல இருக்கு" என்பார்கள். நேர்வழியில் போகிறவனை இப்படி இழுத்தடித்தால் புரோக்கருக்கு ஏன் வியாபாரம் நடக்காது? இருந்தாலும் நேர்வழியிலேயே போகட்டும்.

இன்று ராத்திரி அவன் பிஸ்டலை எடுக்கும்போது திறந்து, ஃபிளாக் போட்டு உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். எரிச்சல்படுவான், பரவாயில்லை.