காட்டு ஆர்க்கிட்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: சார், ஒரு காட்டுப் பூ ஆர்க்கிட்தானா என்று எதை வைத்துச் சொல்வது?

நிறத்தையும் அளவையும் நம்பாதீர்கள், பூவின் நடுவைப் பாருங்கள். மற்ற பூக்களில் மகரந்தத் தாள்கள் தனி, சூல்தண்டு தனி. ஆர்க்கிட்டில் இரண்டும் ஒட்டிப்போய் ஒரே தூணாக நிற்கும், பெரும்பாலானவற்றில் அதன் நுனியில் குட்டித் தொப்பி போல ஒரு மூடியும் இருக்கும். உள்வட்டத்து மூன்று இதழ்களில் ஒன்று மட்டும் உருமாறியிருக்கும். அதை உதடு என்போம், பூச்சி வந்து இறங்கும் மேடை அது. அப்புறம், பூவுக்குப் பின்னால் காம்பு மாதிரித் தெரிவதில் பெரும்பகுதி சூலகம்தான். லென்ஸில் பார்த்தால் பல இனங்களில் அது திரித்த கயிறு மாதிரி முறுக்கியிருக்கும். மொட்டில் மேல்பக்கம் இருந்த உதடு, பூ விரியும்போது கீழே வருவது இந்த முறுக்கலால்தான்.

கேள்வி: போட்டோ அனுப்பினேனே, ஏன் இனப் பெயர் சொல்லவில்லை?

நேர் எதிரே நின்று எடுத்த ஒரே படம், அதுவும் இலை தெரியாமல். ஹேபனேரியா போன்ற பேரினத்தில் வெள்ளைப் பூக்கள் ஏராளம், அவற்றைப் பிரித்துச் சொல்ல உதட்டின் பிளவும், பின்னால் வால் மாதிரித் தொங்கும் தேன்குழலின் நீளமும் வேண்டும். பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று, அடி இலைகள் ஒன்று, முழுச்செடி ஒன்று, முடிந்தால் பக்கத்தில் ஒரு அளவுகோல். குழல் நீளம் சின்ன விஷயமில்லை. மடகாஸ்கர் ஆர்க்கிட் ஒன்றின் குழல் சுமார் 30 செ.மீ. இருப்பதைப் பார்த்துவிட்டு, அதற்கேற்ற நீள நாக்குள்ள அந்துப்பூச்சி இருந்தாக வேண்டும் என்று டார்வின் 1862இல் எழுதினார். அப்படியொரு பூச்சியை 1903இல் விவரித்தார்கள்.

கேள்வி: அண்ணா, ஒரு தேனீயின் நெற்றியில் இரண்டு மஞ்சள் கொம்பு பார்த்தேன். நோயா?

நோயில்லை தம்பி, உனக்கு நல்ல அதிர்ஷ்டம்! அது ஆர்க்கிட்டின் மகரந்தத் திரள். இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை மகரந்தத்தைப் பொடியாகத் தூவாமல் மொத்தமாகக் கட்டிக் கொடுத்துவிடும். அடியில் பசை இருப்பதால் பூச்சியின் தலையில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். சில இனங்களில் முதலில் நிமிர்ந்து நிற்கும், அரை நிமிடம் போல ஆனதும் முன்பக்கம் சாயும், சாய்ந்தால்தான் அடுத்த பூவின் சூல்முடியில் சரியாகப் படும். அதற்குள் தேனீ பெரும்பாலும் வேறு செடிக்குப் போயிருக்கும். அடுத்த முறை பார்த்தால் வீடியோ எடு, அசையாமல் உட்கார்ந்து எடு.

கேள்வி: மரத்தில் வளர்பவை மரத்தின் சாற்றை உறிஞ்சுகின்றனவா?

இல்லை. மரம் வெறும் இருக்கைதான். வேரைச் சுற்றியுள்ள வெண்மையான பஞ்சு உறை மழைநீரைப் பிடித்துக்கொள்ளும், நனைந்ததும் பச்சையாகத் தெரியும்.

கேள்வி: போன வருடம் பூத்த இடத்தில் இந்த வருடம் ஒன்றுமே இல்லையே, யாராவது பிடுங்கிவிட்டார்களா?

இருக்கலாம், ஆனால் உடனே முடிவு கட்டாதீர்கள். தரையில் வளரும் சில இனங்கள் ஒரு வருடமோ அதற்கு மேலுமோ தலைகாட்டாமல் மண்ணுக்கடியிலேயே இருந்துவிடும். அதனால் வெறும் தரை என்று நினைத்து மிதிக்காதீர்கள். நானே ஒரு பூவைப் படமெடுக்க மண்டியிட்டு, எழுந்து பார்த்தபோது முழங்காலுக்கடியில் பூக்காத மூன்று செடிகள் நசுங்கிக் கிடந்தன. இப்போதெல்லாம் முதலில் தரையைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

கேள்வி: ஒரே ஒரு செடி எடுத்து வந்து வளர்க்கலாமா?

வேண்டாம். தரை ஆர்க்கிட் பலவும் அந்த மண்ணின் பூஞ்சையோடு சேர்ந்து வாழ்பவை, தொட்டியில் கொஞ்ச நாள் நின்றுவிட்டுச் செத்துப்போகும். சட்டச் சிக்கல் வேறு. சரியான இடத்தைப் பொதுவில் போடுவதும் வேண்டாம், படத்தோடு சேர்ந்து பதிவாகும் இடக்குறிப்பையும் நீக்கிவிடுங்கள்.

கேள்வி: நான் பார்த்த வெள்ளை ஆர்க்கிட்டுக்கு மணமே இல்லை. புத்தகத்தில் நறுமணம் என்று போட்டிருக்கிறதே?

பகலில் முகர்ந்திருப்பீர்கள். அந்துப்பூச்சியை நம்பியிருக்கும் வெள்ளைப் பூக்கள் பல, இருட்டிய பிறகுதான் மணக்கும். டார்ச்சோடு திரும்பப் போய்ப் பாருங்கள்.