விலா ஏறி இறங்கும் டைனோசர்

கேள்வி: 1925-ல் வந்த 'தி லாஸ்ட் வேர்ல்ட்' ஊமைப்படத்தை யூடியூபில் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது, கதையும் அங்கங்கே தாவுகிறது. படமே அப்படித்தானா?

பதில்: இல்லவே இல்லை. நீங்கள் பார்த்தது, வீட்டில் போட்டுப் பார்ப்பதற்காக 16 மி.மீ. படச்சுருளில் சுருக்கிய பதிப்பாக இருக்கும். நானும் முதலில் அதைத்தான் பார்த்தேன். முழுப்படத்தின் பிரதிகளை 1929 வாக்கில் திரும்பப் பெற்று அழித்துவிட்டார்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது. அப்புறம் செக் நாட்டுக் காப்பகத்தில் கிடைத்த பிரதிதான் பெரும்பகுதியை மீட்டுத் தந்தது. பல பிரதிகளிலிருந்து காட்சி காட்சியாகப் பொறுக்கிச் சேர்த்த 2016 பதிப்பு நூறு நிமிடத்தைத் தாண்டி ஓடும். அதைத் தேடிப் பிடியுங்கள்.

பார்க்கும்போது, டைனோசர்கள் நெருக்கத்தில் வரும் இடங்களில் விலாவைக் கவனியுங்கள். மெல்ல ஏறி இறங்கும். மார்செல் டெல்காடோ செய்த ரப்பர்த் தோல் பொம்மைகளுக்குள் காற்றுப்பை உண்டு. படத்தின் தந்திரக் காட்சிகளை அமைத்த வில்லிஸ் ஓ'பிரையன் குழு ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (படச்சுருளின் ஒவ்வொரு தனிப் படத்துக்கும்) பொம்மையை இம்மியளவு நகர்த்தி, அந்தப் பையையும் கொஞ்சம் ஊதி, கொஞ்சம் இறக்கிப் படம்பிடித்தது. முதல் தடவை அது கண்ணில் பட்ட இரவு, அதே இடத்தை நான்கு முறை திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.