உலர்புல்லை ஊறவைத்தல்: கால்நடை மருத்துவர் பதில்கள்

தூசியால் என் குதிரை இருமுகிறது. எவ்வளவு நேரம் ஊறவைக்கலாம்? (கோவை)

10 நிமிடம் போதும், ஆனால் முழுதாக மூழ்க வேண்டும். மேலாகத் தண்ணீர் தெளித்தால் உள்ளே தூசி அப்படியே இருக்கும். ஊறிய நீரைக் கொட்டிவிடுங்கள்.

குளம்பழற்சி (குளம்புக்குள் அழற்சி; சர்க்கரை மிகுந்த தீனி ஆகாது) வந்த குதிரை. புல்லில் உள்ள சர்க்கரை குறைய இரவெல்லாம் புல்லை ஊறவைக்கிறேன். காலையில் புளித்த வாடை; குதிரை முகர்ந்துவிட்டு ஒதுங்குகிறது. (சென்னை)

குதிரைக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லையே! இரவெல்லாம் ஊறவைப்பது இங்கிலாந்துக் குளிர்கால வழக்கம். சென்னை மே மாதத்தில் தொட்டித் தண்ணீரே வெந்நீர். சர்க்கரையும் விரைவில் கரையும், கிருமியும் விரைவில் பெருகும். அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி. நீரை வடித்து உடனே போடுங்கள், மிச்சத்தை மாலைக்கு வைக்காதீர்கள்.

எவ்வளவு சர்க்கரை போகும்? ஒரு புல்கட்டில் கால் பங்கு போகும், இன்னொன்றில் பெயருக்குத்தான் குறையும். அதனால் முதலில் புல்லை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து 10 சதவீதத்துக்குள் இருந்தால் ஊறவைக்கும் வேலையே இல்லை. இன்னொன்று, நீங்கள் எழுதாதது: வெல்லம். புல்லைப் பாடுபட்டு அலசிவிட்டு, மாலையில் 'ஆசையாகக் கேட்கிறது' என்று வெல்ல உருண்டை ஊட்டும் லாயங்களை நிறையப் பார்த்துவிட்டேன். கேட்டால் 'கொஞ்சம்தானே டாக்டர்' என்பார்கள். அந்தக் கொஞ்சத்தை நிறுத்தாதவர்கள் புல்லை ஊறவைத்துத் தண்ணீரை வீணாக்க வேண்டாம்.

ஊறிய புல் தினமும் 6 கிலோ கொடுக்கிறேன். குதிரை எலும்பாகிறது. ஏன்? (மதுரை)

நீங்கள் எடைபோட்டது பாதிக்குமேல் தண்ணீர். காய்ந்த புல்லை எடைபோட்டுவிட்டு ஊறவையுங்கள். குதிரையின் எடையை எழுதாமல் அளவு கேட்டால் எப்படி? 400 கிலோ என்று வைத்துக்கொண்டால், இளைக்கவேண்டிய குதிரைக்கே காய்ந்த புல் 6 கிலோ வேண்டும். உங்களுடையதற்கு 8 கொடுங்கள்.

பூஞ்சை பிடித்த புல்லை ஊறவைத்துக் கொடுக்கலாமா? (திருச்சி)

கூடாது. எருக்குழிக்கு.

புல்லுக்கு ஆவி காட்டினால்? (ஓசூர்)

தூசிக்கும் கிருமிக்கும் நல்லது. சர்க்கரை குறையாது.

ஊறிய நீரில் அடுத்த புல்கட்டையும் போடலாமா? சத்து அதில்தானே இருக்கிறது? (சேலம்)

கொட்டிவிடுங்கள் என்று எத்தனை முறை எழுதுவது? அதில் இருப்பது கரைந்த சர்க்கரையும் அழுக்கும். பொட்டாசியம், பாஸ்பரஸ் போன்றவையும் போய்விடும் என்பது உண்மை. அதைத் தாது உப்புக் கலவையால் ஈடுசெய்யுங்கள். குதிரைக்கென்று விற்பதை வாங்குங்கள். மாட்டுக்கான சில கலவைகளில் மோனென்சின் என்ற மருந்து இருக்கும். அது குதிரையைக் கொன்றுவிடும்.