அண்ணாச்சி, ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

அண்ணாச்சி, உங்கள் மெசேஜைப் படித்தேன். பாளையங்கோட்டையில் பி.காம். முடித்த பிள்ளை டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ போயிருக்கிறாள். பவர் பிஐ என்ற ரிப்போர்ட் மென்பொருளில் கால்குலேட்டட் காலம் (கணக்கிட்டுச் சேர்க்கும் நெடுவரிசை, column) என்றால் என்ன, மெஷர் (ரிப்போர்ட் பார்க்கும்போது போடும் கணக்கு, measure) என்றால் என்ன, எதை எப்போது போடுவாய் என்று கேட்டதும் பதில் வராமல் திரும்பிவிட்டாள். இப்போது சென்னையில் கோர்ஸ் சேர்ந்தால்தான் சரிப்படும் என்கிறாள், அவர்கள் கேட்கும் தொகை உங்களுக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். அந்தக் கேள்விக்கான பதிலை அம்பாசமுத்திரத்தில் உங்கள் உரக்கடையில் உட்கார்ந்தே அவள் கற்றுக்கொள்ளலாம், சென்னை வகுப்பில் கொடுக்கிற மாதிரி டேட்டாவை விட அது நன்றாகவே மனசில் நிற்கும்.

அந்தக் கேள்வியை ஏன் கேட்கிறார்கள் என்றால், வீடியோ பார்த்து எந்தப் பட்டனை எங்கே அழுத்துவது என்று யார் வேண்டுமானாலும் தெரிந்துகொள்ளலாம். ஆனால் ஒரு எண் எந்த நேரத்தில் கணக்கிடப்படுகிறது என்று தெரியாதவர் போடும் ரிப்போர்ட் பார்க்க அழகாக இருக்கும், எண் தப்பாக இருக்கும். மேலதிகாரி அதை நம்பி முடிவெடுப்பார். அதனால்தான் இதில் தடுமாறுகிறவர்களை எடுக்கத் தயங்குகிறார்கள்.

இனி வரும் பகுதியை மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கடையில் டேலி ஓடுகிறது என்றீர்கள். அதிலிருந்து ஒரு வருஷ விற்பனையை எக்செலுக்கு எடுத்து, அதை பவர் பிஐ டெஸ்க்டாப்பில் ஏற்றச் சொல்லுங்கள். அந்த மென்பொருள் இலவசம், விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தால் போதும். மூன்று அட்டவணைகள் வேண்டும்: பில் வாரியாக விற்பனை, பொருள் பட்டியல், வாடிக்கையாளர் பட்டியல். பொருள் குறியீட்டை வைத்து முதல் இரண்டையும், வாடிக்கையாளர் எண்ணை வைத்து மூன்றாவதை விற்பனையோடும் இணைக்க வேண்டும். (விவசாயிகளின் பெயரும் போன் நம்பரும் அதில் இருக்கும், அவற்றை முதலிலேயே நீக்கிவிடுங்கள். இந்த ஃபைலை நாளைக்கு வெளியாட்களிடம் காட்டப் போகிறாள்.)

விற்பனை அட்டவணையில் எத்தனை மூட்டை என்றுதான் இருக்கும், எத்தனை கிலோ என்று இருக்காது. யூரியா மூட்டை 45 கிலோ, டிஏபி மூட்டை 50 கிலோ, அந்த எடை பொருள் பட்டியலில் கிடக்கிறது. இப்போது விற்பனை அட்டவணையில் ஒரு புதிய நெடுவரிசை சேர்த்து, மூட்டை எண்ணிக்கையை ரிலேட்டட் என்ற ஃபங்ஷன் கொண்டுவரும் எடையால் பெருக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பில் வரியாகப் போய், அந்த வரியில் எந்தப் பொருள் என்று பார்த்து, அதன் எடையைப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்து வந்து பெருக்கி, விடையை அந்த வரியிலேயே எழுதிவைக்கும். இதுதான் கால்குலேட்டட் காலம். டேட்டாவை ரிஃப்ரெஷ் செய்யும்போது (மூல ஃபைலிலிருந்து மறுபடி ஏற்றும்போது) கணக்கிட்டு மாடலுக்குள், அதாவது ஏற்றிய அட்டவணைகளோடு, சேமித்துவிடும், அடுத்த ரிஃப்ரெஷ் வரை அந்த விடை மாறாது.

அடுத்தது பருவம். கார் நெல் சாகுபடிக்கு ஜூன் வாக்கில் பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் உங்கள் கடையில் கூட்டம் ஆரம்பிக்கும், அக்டோபரில் தொடங்குகிற பிசான நெல் பருவம் அடுத்த வருஷம் பிப்ரவரி, மார்ச் வரை போகும். பில் தேதியின் மாதத்தைப் பார்த்து கார், பிசானம், மற்றவை என்று பெயர் போடும் நெடுவரிசை ஒன்று வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு, அதை அவளே கண்டுபிடிக்கட்டும் என்று விடலாம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: 2025 ஜனவரியில் போட்ட பில் 2024-25 பிசானத்தைச் சேர்ந்தது, ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரை உள்ள பில்களுக்கு வருஷத்தில் ஒன்றைக் கழித்துப் பெயர் வைக்க வேண்டும். நிதியாண்டுக் கணக்கும் இதே மாதிரிதான், பி.காம். படித்த பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும். இந்தப் பெயரை வைத்து ரிப்போர்ட்டில் வடிகட்டலாம், வரைபடத்தின் அடியில் போடலாம். மெஷரை அப்படி ஸ்லைசரில் (ரிப்போர்ட்டில் தட்டி வடிகட்டும் பெட்டி) போட முடியாது. வகை பிரிப்பதற்கு நெடுவரிசைதான்.

இப்போது அவளை மடக்கிய இடத்துக்கு வருவோம். லாப சதவீதத்தையும் இதே மாதிரி ஒவ்வொரு பில்லுக்கும் நெடுவரிசையாகப் போட்டால் என்ன ஆகும்? ஒரு பில்லில் 10,000 ரூபாய்க்கு உரம், லாபம் 400 ரூபாய், அதாவது 4 சதவீதம். இன்னொரு பில்லில் 500 ரூபாய்க்குப் பூச்சிமருந்து, லாபம் 100 ரூபாய், 20 சதவீதம். பவர் பிஐ எண் நெடுவரிசையைச் சாதாரணமாகக் கூட்டித்தான் காட்டும், 24 சதவீதம் என்று வரும். சரி, கூட்டலுக்குப் பதில் சராசரி என்று மாற்றினால் 12. ஆனால் கல்லாவில் நிற்பது 10,500 ரூபாய் விற்பனைக்கு 500 ரூபாய் லாபம், 5 சதவீதம்கூடத் தேறாது. 12 சதவீத லாபம் என்று நம்பி நீங்கள் கொள்முதல் செய்தால் கதை என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் சதவீதத்துக்கு மெஷர் எழுத வேண்டும்: மொத்த லாபத்தை மொத்த விற்பனையால் டிவைட் செய்வது. மெஷர் எதையும் சேமித்து வைப்பதில்லை. ரிப்போர்ட் பார்ப்பவர் பிசானம் என்று தட்டினால் பிசானத்துக்கு, சேரன்மகாதேவி என்று தட்டினால் அந்த ஊருக்கு, அந்த நொடியில் புதிதாகக் கணக்கிடும். ரூபாயில் லாபம் என்பது நெடுவரிசையாக இருக்கலாம், கூட்டினால் சரியாகவே வரும். சதவீதம், சராசரி, பங்கு எல்லாம் கூட்டினால் தப்பாகிவிடும், அவை மெஷராகத்தான் இருக்க வேண்டும்.

உங்கள் தொழிலிலேயே இன்னொன்று இருக்கிறது. அறுவடை முடிந்து பணம் தருகிறேன் என்று வாங்கிப் போன பாக்கி எத்தனை நாள் ஆகிறது என்று பார்க்க, டுடே என்ற ஃபங்ஷனை வைத்து நெடுவரிசை போடலாம். ஆனால் அந்த ‘இன்று’ கடைசியாக ரிஃப்ரெஷ் செய்த நாள்தான். பத்து நாள் ரிஃப்ரெஷ் செய்யாவிட்டால் 95 நாள் பாக்கி 85 என்றே நிற்கும். இன்டர்வியூவில் இந்த உதாரணத்தை அவளாகவே எடுத்துச் சொன்னால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

மெமரி விஷயம் சுருக்கமாக. நெடுவரிசை ஒவ்வொரு வரிக்கும் விடையை வைத்துக்கொள்வதால் இடம் பிடிக்கும். உங்கள் கடை பில்களுக்கு அது ஒன்றுமே இல்லை, கோடிக்கணக்கான வரிகள் உள்ள கம்பெனியில் பெரிய தலைவலி. அங்கே சம்எக்ஸ் என்ற ஃபங்ஷனை வைத்து மெஷருக்குள்ளேயே வரி வரியாகக் கணக்கிடுவார்கள், அல்லது டேட்டா உள்ளே வரும்போதே பவர் குவரியிலோ (பவர் பிஐயில் டேட்டாவைச் சீர்செய்து ஏற்றும் பகுதி) மூல டேட்டாபேஸிலோ அந்த நெடுவரிசையைத் தயார் செய்துவிடுவார்கள்.

ஒரே சாப்ட்வேரை நம்பிப் படிப்பதா என்று கேட்டிருந்தீர்கள், நியாயமான கேள்வி. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ கம்பெனியின் அனலிட்டிக்ஸ் மென்பொருளிலும் வரி வாரியான ஃபார்முலா தனி, தொகுத்துக் கணக்கிடும் ஃபார்முலா தனி. டாப்லோ என்ற இன்னொரு ரிப்போர்ட் மென்பொருளிலும் இந்தப் பிரிவினை உண்டு. இங்கே புரிந்துகொண்டால் அங்கே பெயர்தான் மாறும்.

வேலை தேடும்போது டேட்டா அனலிஸ்ட் என்ற பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம், எம்ஐஎஸ் எக்சிகியூட்டிவ் (கம்பெனிக்கு ரிப்போர்ட் தயார் செய்யும் வேலை) என்று வருவதற்கும் போடட்டும், முதல் படி பெரும்பாலும் அதுதான். எக்செலும், டேட்டாபேஸிலிருந்து டேட்டா எடுக்கப் பயன்படும் எஸ்க்யூஎல்லும் கட்டாயம். மைக்ரோசாப்ட் லேர்ன் தளத்தில் பவர் பிஐ பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மைக்ரோசாப்டின் பவர் பிஐ சான்றிதழுக்கான பி.எல்-300 தேர்வு நல்லதுதான், ஆனால் இந்தக் கடை ரிப்போர்ட்டை முடித்த பிறகு எழுதினால் போதும். வேலைக்கு உத்தரவாதம் என்று சொல்லி முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்கும் இடம் எதுவாக இருந்தாலும் அந்த உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள், அப்போது அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று பாருங்கள்.

பிள்ளை ஒரு இன்டர்வியூவில் தோற்றதை வைத்து பி.காம். படித்ததே தப்பு என்று வீட்டில் யாரும் பேச விடாதீர்கள். லாபம் எது, பாக்கி எது என்று தெரிந்தவளுக்கு ஃபார்முலா கற்றுக்கொடுப்பது சுலபம்.

ரிப்போர்ட்டை முடித்ததும், எந்தெந்தக் கணக்கை நெடுவரிசையாகப் போட்டாள், எதை மெஷராகப் போட்டாள், ஏன் என்று ஒரு பக்கம் தமிழிலேயே எழுதி ஃபைலோடு எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டுச் சென்னைக் கோர்ஸ் தேவையா என்று மூன்று பேருமாகப் பேசுவோம்.