அறுபதாம் கல்யாணத்துக்கு எந்த நாடகம்?

கேள்வி: அப்பாவுக்கு வரும் தை மாதம் 60 பூர்த்தி. காலையில் திருக்கடையூரில் சாந்தியும் பூஜையும், மாலையில் மயிலாடுதுறையில் மண்டபம். சொந்தக்காரர்கள் 150 பேர் வருவார்கள். லைட் மியூசிக் வேண்டாம், ஒரு நாடகம் போடுங்களேன் என்கிறார் அப்பா. சென்னையிலிருந்து குழுவை வரவழைக்கலாமா, இல்லை அத்தை பிள்ளைகள், சித்தப்பா பெண்கள் என்று நாங்கள் ஏழெட்டுப் பேரே போட்டுவிடலாமா? குடும்பம், உறவு பற்றிய நகைச்சுவையாக நாலைந்து நாடகம் சொல்லுங்கள்.
- மயிலாடுதுறை வாசகி

பதில்: லைட் மியூசிக்கைத் தள்ளிவிட்டு நாடகம் கேட்கிற அப்பா இந்தக் காலத்தில் அபூர்வம். அவருக்கு முதலில் என் வணக்கம்.

பெயர்களுக்குப் போகும் முன் ஒரு பழைய கதை. சில வருஷங்களுக்கு முன் கும்பகோணம் பக்கம் ஒரு கல்யாணத்தில், முந்தின நாள் மாலை மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு காமெடி நாடகம் போட்டார்கள். துடிப்பான பிள்ளைகள், வசனம் தலைகீழ்ப் பாடம். வரிக்கு ஒரு கடி, பாதிக்கு மேல் சிலேடை. வீட்டுக் கூடத்தில் ஒத்திகை பார்த்தபோது சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மண்டபத்தில் தலைக்கு மேல் வரிசையாக ஃபேன், பக்கத்து ஹாலில் அண்டா உருளும் சத்தம், மேடை நடுவில் ஒரே ஒரு ஸ்டாண்ட் மைக். மைக்குக்கு எதிரே நின்றவன் கேட்ட கேள்வி எல்லாருக்கும் கேட்டது; ஓரத்தில் நின்றவன் சொன்ன பதில் அவன் அம்மாவுக்குக்கூடக் கேட்கவில்லை. சிலேடையில் பாதி காதில் விழாவிட்டால் மீதிப் பாதி வெறும் சத்தம். பன்னிரண்டாவது நிமிஷம் யாரோ வந்து “இலை போட்டாச்சு” என்றார்கள். முன்வரிசை மூன்றும் எழுந்து போய்விட்டன. அந்த நாடகத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது நான்தான்.

அன்றிலிருந்து குடும்ப நாடகங்களை இரண்டாகப் பிரித்துவிட்டேன். வசனத்தால் சிரிக்க வைப்பவை ஒரு ரகம், நிலைமையால் சிரிக்க வைப்பவை இன்னொரு ரகம். முதல் ரகத்தைப் பழகிய குழுவிடம் விட்டுவிடுங்கள். இரண்டாவதை வீட்டுப் பிள்ளைகள் தாராளமாகத் தொடலாம்.

முதல் ரகத்தின் உச்சம் கிரேஸி மோகன். ‘சாக்லேட் கிருஷ்ணா’ 2008இல் அரங்கேறி ஆயிரம் முறைக்கு மேல் மேடை ஏறியது. சிக்கலில் தவிக்கும் மாது என்கிற ஆளுக்குத் துணையாகக் கிருஷ்ணனே வந்து இறங்குகிற கதை. மாதுவாக நடிப்பவர் மோகனின் தம்பி மாது பாலாஜி. ஒருவர் வாக்கியத்தை முடிக்கும் முன் அடுத்தவர் பிடித்துக்கொள்வதும், சிரிப்பு அடங்கும்வரை அசையாமல் நிற்பதும் ஒரே குழுவாக வருஷக்கணக்கில் நடித்ததால் வந்த கைப்பழக்கம். மோகன் 2019இல் காலமானபின்பும் குழு நாடகம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கையில் காசு இருந்தால் இப்படி ஒரு குழுவை வரவழையுங்கள். நடிகர்கள், ஒலி, ஒளி, ஒப்பனை, செட் என்று ஒரு வேன் நிறைய ஆள் வரும் என்பதால் தங்கும் அறை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் உங்கள் கணக்கில் சேரும். தேதியை எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. மண்டபத்து மேடையின் நீள அகலத்தை டேப் வைத்து அளந்து அனுப்புங்கள். கல்யாண மேடையில் பாதியை அலங்காரக்காரர் பிடித்துக்கொண்டிருப்பார், அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

நீங்களே போடுவதாக இருந்தால் என் முதல் சிபாரிசு சுஜாதாவின் ‘கடவுள் வந்திருந்தார்’. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர், நம் காவிரிக்கரை ஆள். இந்த நாடகத்தை மேடையில் நிலைக்க வைத்தவர் பூர்ணம் விசுவநாதன். ஓய்வு பெற்ற சீனிவாசன் வீட்டுக்கு எதிர்காலத்திலிருந்து ஜோ என்று ஒருவன் வருகிறான். அவன் சீனிவாசன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். பெண்டாட்டி, பெண், அக்கம்பக்கம் எல்லாரும் மனுஷனுக்கு மூளை பிசகிவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். அப்புறம் கதை எப்படித் திரும்புகிறது என்பதற்குத் தலைப்பே துப்பு. ஜோ நமக்குத் தெரிகிறான், மேடையில் மற்றவர்களுக்குத் தெரியவில்லை. சிரிப்பின் முக்கால்வாசி இந்த ஒரு ஏற்பாட்டிலேயே வந்துவிடும். வசனத்தில் ஒரு வரி ஃபேன் சத்தத்தில் போனாலும், வெற்று நாற்காலியைப் பார்த்து அப்பா உபசாரம் செய்வதும் அம்மா வாயைப் பொத்திக்கொள்வதும் கடைசி வரிசைக்கும் எட்டும். ரிட்டயர் ஆனவர் சொல்லை வீட்டில் யாரும் கேட்பதில்லை என்கிற விஷயம் அறுபதாம் கல்யாணத்துக்கு எவ்வளவு பொருத்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது, நீங்கள் கேட்காத ஒன்று: ருஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘திருமணப் பேச்சு’. ஒரே அங்கம், மூன்றே பேர், அரை மணியில் முடிந்துவிடும். பெண் கேட்க வந்தவன், வந்த விஷயத்தைச் சொல்வதற்குள் ஒரு துண்டு நிலம் யாருடையது என்று பெண்ணோடேயே சண்டையில் இறங்கிவிடுகிறான். பெண்ணின் அப்பாவும் சேர்ந்துகொள்ள, இவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுகிறான். அவன் வந்தது பெண் கேட்கத்தான் என்று தெரிந்ததும் அந்தப் பெண் போடுகிற கூச்சல் இருக்கிறதே, மூலத்திலேயே அமர்க்களம். கூப்பிட்டு உட்கார வைத்தால் அடுத்த சண்டை, யார் வீட்டு வேட்டை நாய் உசத்தி என்று. இதைத் தஞ்சாவூர் ஜில்லாவுக்குக் கொண்டுவர எதையும் வலிந்து மாற்ற வேண்டாம். நிலத்தை வாய்க்கால் மேட்டு நாலு மா வயல் ஆக்குங்கள், நாயை டிராக்டர் ஆக்குங்கள், மாப்பிள்ளை கையில் வெற்றிலைத் தட்டைக் கொடுத்துவிடுங்கள். வரப்புத் தகராறு இல்லாத குடும்பம் நம் பக்கம் ஏது? சண்டை முற்ற முற்றத் தட்டு சாய்ந்து வெற்றிலை ஒவ்வொன்றாகக் கீழே விழட்டும். அதற்கு வசனமே வேண்டாம். 150 பேர் கூட்டத்துக்கு, பழக்கமில்லாத நடிகர்களுக்கு, இதைவிடப் பத்திரமான நாடகம் எனக்குத் தெரியவில்லை.

பழைய சபா நாடகங்களில் மெரினாவின் ‘தனிக்குடித்தனம்’, விசுவின் ‘குடும்பம் ஒரு கதம்பம்’ இரண்டும் பின்னால் சினிமாவாகவும் வந்தவை. நன்றாக எழுதப்பட்டவைதான், ஆனால் முழுசாகப் போட்டால் உங்கள் மாலை போய்விடும். இன்னொன்றைச் சொல்லி எச்சரிக்கவும் வேண்டும். ஸ்ரீவத்சனின் ‘வினோதய சித்தம்’ நாடகம் இப்போதைய குடும்ப நாடகங்களில் எனக்கு மிகவும் பிடித்தது. 2021இல் சமுத்திரக்கனி அதைப் படமாக்கினார். எல்லாம் தன்னால்தான் நடக்கிறது என்று நினைக்கும் ஒரு குடும்பத் தலைவர் செத்துப்போய், கொஞ்ச நாள் அவகாசம் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார், காலமே கூட வருகிறது. அருமையான கதை. ஆனால் காலையில் திருக்கடையூரில், எமனை உதைத்த சந்நிதியில் கும்பிட்டுவிட்டு வந்து மாலையில் சாவையே மேடையில் ஏற்றினால், உங்கள் பெரிய அத்தை சும்மா இருப்பாரா? அதை வேறொரு நாளில் குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். சென்னையில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழா மாதிரியான இடங்களில் புது நாடகங்கள் வரிசையாக அரங்கேறும். பள்ளி லீவில் ஒரு நடை போய்வரலாம்.

மாமியார் மருமகள் ஜோக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. சபாவில் அவை பொது மாமியாரைப் பற்றியவை. மண்டபத்தில் நிஜ மாமியார் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஸ்கிரிப்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேலிக்கும் வந்திருப்பவர்களில் யார் திரும்பிப் பார்க்கப்படுவார் என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். அவர் பென்சிலால் அடித்த வரியை மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுங்கள். விழா நாயகரைப் பற்றிய கேலி மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், அன்றைக்கு அவர் கோபித்துக்கொள்ள முடியாது.

அனுமதி விஷயம். டிக்கெட் இல்லாமல் அமெச்சூர் மன்றங்கள் நாடகம் போட 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. குடும்ப விழா அதில் அடங்குமா என்று வாதாடிக்கொண்டிராமல், பதிப்பகம் வழியாக உரிமையாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிடுவது மரியாதை. சுருக்கப் போகிறீர்கள், வீடியோவை யூடியூபில் ஏற்றப் போகிறீர்கள் என்றால் கட்டாயம் கேட்க வேண்டும். எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை அவர் வாரிசுகளுடையது. செகாவ் 1904இல் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் பங்குக்குத் தொல்லை இல்லை. ஆனால் யாரோ செய்த மொழிபெயர்ப்பை எடுத்தால் அந்த மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை உண்டு. உங்கள் வீட்டு ஆங்கில வாத்தியார் யாராவது புதிதாக எழுதட்டும்.

மைக் செட்காரரிடம் ஆளுக்கொரு காலர் மைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் மேடைக்கு மேலே மூன்று மைக் தொங்கவிடச் சொல்லி, அதன் அடியில் சாக்பீஸால் வட்டம் போட்டு, வட்டத்துக்குள் நின்றே பேசப் பழக்குங்கள். கடைசி ஒத்திகையை அந்த மண்டபத்திலேயே, ஃபேன் எல்லாம் ஓடவிட்டு நடத்துங்கள். நாடகம் 40 நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம்; ஆறரைக்குத் தொடங்கினால் ஏழே காலுக்குள் முடிந்துவிடும். அதுவரை இலை போடக் கூடாது என்று சமையல் கான்ட்ராக்டரிடம் அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.